சந்தனம் பூசிய சாவி

சிவகாசிக்குப் போய்விட்டு முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். கிள்ளானில் என் வீட்டுக் கூடத்தில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிளம்பும்போது என் தங்கை, "பட்டாசு ஊருக்கா போற? இன்சூரன்ஸ் எடுத்திட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாள். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பெரிய பயம் ஒன்று தலைக்கு மேலே வந்து நின்று, ஒன்றும் செய்யாமல் போய்விட்டால், கொஞ்ச நாளைக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் போனது பட்டாசு வாங்க அல்ல, பூட்டு மாட்ட. கோலாலம்பூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். அலுவலகங்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சலையும் கோப்புகளையும், நடுவில் யாரும் படித்துவிடாதபடி மறைத்து அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. வழியில் பிடித்துப் பார்த்தால் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் செய்தி திறக்கும்.

என் முதலாளியின் சகலை சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக அவருடைய புதுப் பட்டாசின் பெயரும் லேபிள் படமும் அவருக்கு முன்னாலேயே அடுத்த தெருக் கம்பெனியின் டப்பாவில் வந்துவிட்டன. மனிதர் நொந்துபோய்விட்டார். தீபாவளி முடிந்த கையோடு அடுத்த வருஷத்து லேபிள் வேலை தொடங்கிவிடுமாம். அதற்கு முன்னால் பூட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நீதான் தமிழ் நல்லாப் பேசுவ, போயிட்டு வந்துடு" என்று என்னை அனுப்பிவிட்டார் முதலாளி. ஊரே மூச்சு விட நேரமில்லாமல் ஓடுகிற சீசனில், ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில், நான் போய் இறங்கினேன்.

முதல் நாள் மதுரை. பட்டாசுக்கு வாங்கும் ரசாயனங்களைச் சோதித்துச் சொல்லும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே இருந்தது. மாடியில் இரண்டு அறை. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற விக்டர் சார்தான் அங்கே எல்லாமும். அதுவரை முடிவுகளை ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஃபேக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதால் அங்கேயும் பூட்டு மாட்டச் சொல்லியிருந்தார்கள். மாட்டினேன்.

"சார், உள்ளே எழுதுறதுதான் பூட்டப்படும். தலைப்பு எல்லாருக்கும் தெரியும். அதனால தலைப்பில் விஷயத்தை எழுதிடாதீங்க. 'செய்தி'ன்னு மட்டும் போடுங்க" என்று பாடம் நடத்தினேன்.

"அவசரம்னாக்கூடவா?" என்றார்.

"அவசரம்னாக்கூடத்தான்."

நல்ல மாணவரைப் போலத் தலையாட்டினார். ஆசிரியராக இருந்தவர்களுக்குப் பாடம் நடத்துவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

அங்கிருந்து விருதுநகருக்கு பஸ். பக்கத்து இருக்கை அம்மாள் திருமங்கலம் வருவதற்குள் என் வயது, ஜாதகம், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். "மலேசியாவா? அங்கனயும் தமிழ்தான் பேசுவீகளா?" என்றார். என்ன ஜோலியாக வந்தேன் என்று கேட்டதற்கு, அடுத்தவர் கடிதத்தை யாரும் படிக்காதபடி பூட்டுகிற வேலை என்றேன். "நாம ஏன் அடுத்தவுக காயிதத்தப் படிக்கப் போறோம்?" என்றார் அவர்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பின்சக்கரம் மூச்சை விட்டிருந்தது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி வேலிக்கருவை மர நிழலில் நின்றுகொண்டார்கள். அந்த அம்மாள் பையிலிருந்து சாத்தூர்ச் சேவு எடுத்து எனக்கும் ஒரு கை கொடுத்தார். மிளகாயும் பூண்டும் மணக்க, நாக்கில் கரைந்தது. அடுத்த பஸ் சீக்கிரம் வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

விருதுநகரில் சாயங்காலம் எண்ணெய்ப் புரோட்டா. கல்லில் எண்ணெயைக் குளமாக ஊற்றி, அதில் புரோட்டாவை முக்கிப் பொரித்து எடுக்கிறார்கள். நொறுங்குகிற அந்தப் புரோட்டாவின் தலையில் சால்னாவைக் கொட்டுகிறார்கள். எங்கள் ஊர் மமாக் கடைகளில் புரோட்டா மாதிரிப் போடும் ரொட்டி சானாய் இதன் முன்னால் நோயாளி வீட்டுச் சாப்பாடு. நாலு சாப்பிட்டேன். "என்ன மேடம், இம்புட்டுத்தானா? புரோட்டா நல்லா இல்லையா?" என்று பரிமாறுகிறவர் மனம் வருந்திக் கேட்டார்.

மறுநாள் சிவகாசி. ஊருக்குள் நுழைந்ததும் காகித வாசனையும் மையின் வாசனையும் ஒன்றாக வந்தன. சாக்கடை ஓரத்தில்கூட வண்ண வண்ணமாக வெட்டுக் காகிதம் கிடந்தது. லாரிகளில் பெட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

கம்பெனி முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். லேபிள் திருட்டு போன நாளிலிருந்து அவர் சத்தம் போட்டுப் பேசுவதையே விட்டுவிட்டாராம். என்னை வரவேற்றதே ரகசியமாகத்தான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, குனிந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார்: "சாப்பிட்டீகளா?"

ஆபீஸ் முழுக்க செல்வராணியின் கையில் இருந்தது. முப்பது வயதிருக்கும். லேபிளுக்குத் தமிழில் தட்டச்சு செய்வது, லாரிக்கு ஆள் சொல்வது, அண்ணாச்சியின் கிசுகிசுப்பை மற்றவர்களுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வது எல்லாம் அவள்தான். மென்பொருளை ஏற்றும்போது நாலு தடவை கரண்டு போனது. நாலு தடவையும் நான் தலையில் கைவைத்தேன். நாலு தடவையும் அவள் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னாள்.

"எத்தனை சாவி போடட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணு."

"உங்களுக்கு ஒண்ணு, செல்வராணிக்கு ஒண்ணு, தொழிற்சாலைக்கு ஒண்ணு வச்சுக்கலாமே. ஒரே சாவின்னா நீங்க இல்லாத நேரத்துல சிரமம்."

"நான் எங்க போகப் போறேன்? மூணு சாவின்னா மூணு வாசல். ஒண்ணு போதும்" என்று கிசுகிசுத்தார். சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். செல்வராணி என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். காசு கொடுக்கிறவர் சொல்வதுதான் சட்டம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் ரசாயனம் புது லோடு வந்தது. பச்சை வெளிச்சம் கொடுக்கிற உப்பு. அதில் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டி, மதுரை பஸ்ஸில் விக்டர் சாருக்கு அனுப்பினாள் செல்வராணி. ஒவ்வொரு லோடுக்கும் அப்படித்தான் செய்வார்களாம்.

அடுத்த நாள் வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். மானாவாரிக் காட்டுக்கு நடுவில், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கிற சின்னச் சின்ன அறைகள். கேட்டிலேயே என் செல்போனையும் கொண்டை ஊசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பையும் கழற்றினேன். முகமெல்லாம் வெள்ளிப்பொடி படிந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மருந்து கலக்கும் அறையின் வாசலில் மாரியப்பன் நின்றிருந்தார். மருந்து என்று அவர்கள் சொல்வது வெடிக்கிற கலவையை. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. என் கையைப் பிடித்து அதில் வைத்தார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடுமாம். "தொட்டுட்டுத்தான் உள்ள வரணும். சாமி கும்பிடுற மாதிரின்னு வச்சுக்கோங்க" என்றார். உள்ளே வர மாட்டேன் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தார். கந்தகமும் உப்பும் தனித்தனி அறையில் இருந்தன. அவர்தான் இரண்டையும் கொண்டுவந்து, சல்லடையில் போட்டுக் கையாலேயே கலப்பார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நர்ஸுக்குப் படிக்கிறாள், இளையவளுக்கும் அதே ஆசை என்று நான் கேட்காமலே சொன்னார்.

அன்று மதியமே ஆபீஸைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் ஆயுத பூஜை. கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், பொட்டு வைக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலும் சரஸ்வதி பூஜை உண்டு. புத்தகத்தை அடுக்கிவைத்து, பிள்ளைகள் ஒரு நாள் படிக்காமல் தப்பித்துக்கொள்ளும். சிவகாசியில் அது அப்படியில்லை. வெட்டும் இயந்திரம், அச்சு இயந்திரம், கத்தரிக்கோல், தராசு, லாரி, சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு அவற்றை யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு வருஷம் உழைத்த கருவிக்கு ஒரு நாள் ஓய்வு. மனிதர்களுக்கு இப்படிக் கிடைக்கிறதா என்று கேட்டால் செல்வராணி, "நமக்கெல்லாம் யாரு மேடம் பொட்டு வைக்கா?" என்றாள்.

ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு மூன்று கோடு விபூதி. பிரிண்டருக்குச் சாமந்தி மாலை. தட்டில் பொரிகடலை, வெல்லம், எலுமிச்சம்பழம், அவற்றின் நடுவில் என் சாவி. சந்தனத்தை அள்ளி அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார் அண்ணாச்சி. எனக்கு நெகிழ்ந்துவிட்டது. எத்தனையோ அலுவலகங்களில் இந்தச் சாவியை மாட்டியிருக்கிறேன். காப்பிக் கறையோடும் பல் கடித்த அடையாளத்தோடும் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் கும்பிட்டதில்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கினேன். அறைக்கு வருவதற்குள் பாதி காலி. சாயங்காலம் மேற்கே இடி இடித்தது. ராத்திரி பூராவும் நல்ல மழை.

விஜயதசமி காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. நல்ல நேரத்தில் மறுபூஜை நடந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அண்ணாச்சி தன் கையால் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதுதான் ஆபீஸின் முதல் வேலை. இதே நேரத்தில் தொழிற்சாலையில் மாரியப்பன் சாமி கும்பிட்டு, புது லோடைப் பிரித்து ஒரு கை மருந்து கலந்து வேலையைத் தொடங்கிவைப்பார் என்றாள் செல்வராணி. வருஷா வருஷம் அப்படித்தானாம்.

திரையில் மூன்று செய்திகள் காத்திருந்தன. மூன்றும் விக்டர் சாரிடமிருந்து. மூன்றுக்கும் தலைப்பு 'செய்தி'. ஒன்று ஆபீஸைச் சாத்திய அன்று மதியம் வந்தது, ஒன்று சாயங்காலம், ஒன்று பூஜையன்று.

"படிச்சிரலாம்" என்று அண்ணாச்சி தட்டிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிச் செருகினார். நான் வாங்கிப் பார்த்தேன். சாவியின் வாய் முழுக்கச் சந்தனம். ஒரே நாளில் காய்ந்து கல்லாகியிருந்தது. உலகத்தில் எங்கள் மென்பொருளைப் பக்தியால் கெடுத்தவர் இவர் ஒருவர்தான்.

"விடுங்க மேடம், அப்புறம் பாத்துக்கிடலாம். மொதல்ல இனிப்பு எடுத்துக்கோங்க" என்று கிசுகிசுத்தார் அண்ணாச்சி.

நான் லட்டை வாங்கினேன். ஆனால் கண் திரையிலேயே இருந்தது. ஒரே மனிதர், ஒரே தலைப்பு, மூன்று தடவை. ஒரு முறை அனுப்பினால் போதும், கட்டாயம் போய்ச் சேரும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொன்னதைக் கேட்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஏன் மூன்று தடவை அனுப்ப வேண்டும்?

"செல்வராணி, விக்டர் சார் எதைப் பத்தி எழுதுவார்?"

"லோடு சாம்பிள் பத்தித்தான். வேற என்ன எழுதப் போறாரு? எப்பவும் 'சரி'ன்னு ஒரு வரி வரும்." சொல்லிவிட்டு அவளும் திரையைப் பார்த்தாள். "ஒரு வரிக்கு எதுக்கு மூணு?" என்றாள்.

லட்டை மேஜையில் வைத்துவிட்டேன். ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டோம். பூஜை விடுமுறை, எடுக்க ஆளில்லை; விக்டர் சாரிடம் செல்போனும் கிடையாது. தொழிற்சாலை கேட்டுக்குப் போட்டோம். ராத்திரி மழையில் லைன் செத்துக் கிடந்தது. உள்ளே செல்போன் கிடையாது. அண்ணாச்சிக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "நம்ம பழைய ஆளுகிட்ட வாங்குன லோடு மேடம், நல்லாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் இனிப்புத் தட்டை அவரும் கீழே வைத்துவிட்டார்.

செல்வராணி தலையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். நான் சுரண்டினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தாள். துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. அதையும் எடுத்தேன். அவள் காகித அட்டையால் விசிறினாள். என் வாழ்க்கையில் எந்தச் சாவியையும் அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு மெதுவாகவும் நான் துடைத்ததில்லை. ஈரம் காய்கிற வரைக்கும் மூன்று பேரும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

செருகினேன். சாவியில் பச்சை விளக்கு எரிந்தது. செய்தி திறந்தது.

அண்ணாச்சி முதல் இரண்டு வரியைத்தான் படித்தார். அந்த உப்பில் சேரவே கூடாத வேறொரு உப்பு கலந்திருக்கிறது. கந்தகத்தோடு சேர்த்துச் சலித்தால் உரசலிலேயே பற்றிக்கொள்ளும். அதற்குமேல் படிக்க அவர் நிற்கவில்லை. கார்ச் சாவியைத் தேடி நாலு பக்கமும் தட்டினார். அது அவர் கையிலேயே இருந்தது.

காருக்கும் பூஜை போட்டு, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அவற்றோடேயே கிளம்பினோம். செல்வராணி பின்னால் உட்கார்ந்து, "ஏசப்பா, மாதாவே, முனியசாமி" என்று தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஒல்லி மனிதர் என் கையைப் பிடித்துச் செம்புத் தகட்டில் வைத்தது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது.

தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு ஓடை. தொழிற்சாலை பார்க்க வந்த அன்று அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இப்போது செந்தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு ஓடியது. மேற்கே பெய்த மழை. வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கரையிலேயே ஊர். இந்தக் கரையில் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கரையில் காட்டைத் தாண்டி அந்தச் சின்ன அறைகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்காத தூரம்.

"அங்கிட்டுப் போக முடியாது அண்ணாச்சி, மத்தியானத்துக்கு மேலதான் வடியும்" என்றார் ஒருவர்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனார். அந்த ஆள் இழுத்துப் பிடித்தார். அப்போதுதான் செல்வராணி, "மைக்கு! அண்ணாச்சி, மைக்கு!" என்று கத்தினாள்.

ஓடைக் கரையில் ஒரு அம்மன் கோயில். நவராத்திரிக்காக வேப்பமரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நாலு திசைக்கும் பக்திப்பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஓடிப்போய் மைக் செட்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"என்ன அண்ணாச்சி, தீபாவளி விளம்பரமா?" என்றார் அவர்.

"பாட்டை நிறுத்துலே!"

இரண்டு வருஷமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த தொண்டை அது. முதலில் இருமல்தான் வந்தது. நாலு ஊருக்கும் கேட்ட இருமல். பிறகு குரல் உடைத்துக்கொண்டு வந்தது.

"மாரியப்பா! புது லோடத் தொடாத! தொடாதலே! கந்தகத்தோட சேத்திராத! லோடுல கலப்படம் இருக்கு! எல்லாரும் வெளிய வாங்க! நம்ம கம்பெனி புது லோடு, பச்சை உப்பு, அதத் தொடாதீக! மாரியப்பா, ஏய் மாரியப்பா, கேக்குதா?"

கம்பெனி பெயரைச் சொன்னார். யாரிடம் வாங்கிய லோடு என்று சொன்னார். எந்தப் பட்டாசுக்கு என்று சொன்னார். எதையெல்லாம் பூட்டிவைக்க என்னைக் கடல் கடந்து வரவழைத்தாரோ, அத்தனையையும் காடு முழுக்கக் கொட்டினார். நான் தடுக்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று பக்கத்தில் நின்று நானும் கத்தினேன்.

சொல்லி முடித்ததும் ஸ்பீக்கரில் அவர் மூச்சிரைப்பது மட்டும் கேட்டது. எல்லோரும் அக்கரையைப் பார்த்தோம். வெள்ளை அறைகள் அப்படியே நின்றன. புகை வரவில்லை. சத்தம் வரவில்லை. ஒன்றும் வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நின்ற அந்த நேரம் எனக்கு வேண்டவே வேண்டாம், இன்னொரு முறை.

காட்டு வழியில் முதலில் பெண்கள் வந்தார்கள். பிறகு வாட்ச்மேன். அவர்களுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒல்லியாக ஒருவர். செல்வராணி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கூடவே சிரிப்பும் வந்தது.

மாரியப்பன் ஓடையின் அந்தக் கரையில் வந்து நின்றார். "கந்தகத்தச் சல்லடையில போட்டுட்டேன் அண்ணாச்சி!" என்று கத்தினார். "உப்பக் கையில அள்ளிட்டேன். பாட்டு நின்னுச்சா, என்னடான்னு நிமிந்தேன். உங்க சத்தம் கேட்டுச்சு. அள்ளுனத டின்னுலயே போட்டுட்டு வெளிய வந்துட்டேன்!"

அண்ணாச்சி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் மைக் இன்னும் இருந்ததால் அவர் விசும்பியது நாலு ஊருக்கும் கேட்டது.

அதே லோடில் அடுத்த தெருக் கம்பெனியும் வாங்கியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் தொழிற்சாலையும் அந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தான். மைக் சத்தம் கேட்டு அவர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மதியம் அந்த முதலாளியே போன் செய்து நன்றி சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க லேபிள எடுக்கத் தெரியுதுல்லா? லோடு நல்லதான்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தார். கிசுகிசுப்பு போய்விட்டிருந்தது. ஜன்னலும் திறந்தே இருந்தது.

தண்ணீர் வடிந்து மாரியப்பன் ஆபீஸுக்கு வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் நான் இரண்டு சாவி தயார் செய்திருந்தேன். அண்ணாச்சியே கேட்டார். ஒன்று செல்வராணிக்கு, ஒன்று மாரியப்பனுக்கு. தலைப்பு பற்றிய என் சட்டத்தையும் மாற்றிக்கொண்டேன். ஆபத்து என்றால் 'ஆபத்து' என்று தலைப்பிலேயே எழுதலாம், எழுத வேண்டும்.

மாரியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாவியைச் செருகச் சொன்னேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் செருகினார். விக்டர் சாரின் செய்தி திரையில் வந்தது. வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். காலையில் நாங்கள் படிக்காமல் ஓடிய கடைசி வரி வரைக்கும் போனார். அங்கே விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்.

"இதை முதலில் மாரியப்பனிடம் சொல்லிவிடுங்கள். அவர் கைதான் இதைத் தொடப்போகிறது."

அந்த வரியை விரலால் தடவி இன்னொரு தடவை படித்தார். பிறகு திரும்பி, "இது எனக்கு வந்த காயிதம்லா அண்ணாச்சி?" என்றார்.

"ஆமா மாரியப்பா. உனக்கு வந்ததுதான்" என்றார் அண்ணாச்சி. "நான்தான் பூட்டித் தட்டுல வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

மாரியப்பன் என் பக்கம் திரும்பினார். "சாருக்குப் பதில் போடலாமா மேடம்? மூணு மட்டம் எழுதியிருக்காரு. என்ன ஆச்சோன்னு தவிச்சுக்கிட்டு இருப்பாரு" என்றார்.

செல்வராணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். "படிச்சிட்டேன் சார். நல்லா இருக்கேன். மாரியப்பன்."

"இதையும் பூட்டணுமா மேடம்?" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. யார் வேணும்னாலும் படிக்கட்டும்" என்றேன்.

அப்படியே அனுப்பினோம்.